முக அச்சு காயும் நேரம்

தும்மல் மட்டும் வந்துரக் கூடாது. நினைக்காம இருந்தா வராது, சரி, நினைக்காம இருப்போம், ஆனா வேற என்னத்தத்தான் நினைக்க, கண்ணு மூடியிருக்கு, வாய் மூடியிருக்கு, காதுல பஞ்சு, தலைக்கு ரப்பர் தொப்பி, முகம் பூரா குளுகுளுன்னு அந்தக் குழம்பு, பல் டாக்டர் அச்சு எடுக்கதுக்கு வாயில திணிப்பாருல்லா, அதே சாமான்தான், அதை வாளியில கரைச்சு நெத்தியில இருந்து தொண்டைக்குழி வரைக்கும் அப்பி வச்சிருக்கா இந்த மேக்கப் போடுற பிள்ளை நர்மதா, அதுக்கு மேல கை ஒடிஞ்சாப் போடுற மாவுக்கட்டு, ஈரத்துணியா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிட்டா, மூக்குக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. இப்ப ஞானதுரைங்கிறது அந்த ரெண்டு ஓட்டைதான். மிச்சமெல்லாம் சுவரு. வளசரவாக்கத்துல ஒரு வாடகை வீட்டு ஹால்ல சலூன் சேர் ஒண்ணு போட்டு, அதுல என்னைச் சாய்ச்சு உக்கார வச்சு, "அங்கிள், இது காயுற வரைக்கும் அசையக் கூடாது, தூக்கம் வந்தாத் தூங்கிக்கோங்க"ங்கா. தூங்கவாம்லா. ஆளை உசுரோட பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டுத் தூங்குங்கா. ஃபேனையும் நிறுத்திட்டா, காத்து பட்டா மேல மட்டும் காஞ்சு வெடிச்சிருமாம். முதல்ல ஜில்லுன்னு இருந்துச்சு, இப்ப மாவுக்கட்டு சூடு பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, வேர்வை எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம புருவத்துக்குள்ளயே நின்னு அரிக்கி. கை மட்டும்தான் வெளிய. இடது கைய அவ பிடிச்சிருக்கா. அவ அமுக்கினா நான் கட்டைவிரலைத் தூக்கணும், நல்லாருக்கேன்னு அர்த்தம். முடியலன்னா கையை முழுசா மேல தூக்கணும், அவ அப்பவே எல்லாத்தையும் பிச்சு எடுத்துருவா, அச்சு பாழாப் போயிரும், மறுபடி முதல்ல இருந்து வரணும். அம்புட்டுதான் எங்களுக்குள்ள பாஷை. போதும்னு நானும்தான் தலைய ஆட்டினேன்.

எல்லாம் எதுக்குன்னா, இந்த அச்சை வச்சு, நான் நடிக்கப்போற அதோட முகத்தைச் செய்யணும். அது. அதுக்குப் பேரு கெடையாது, ஸ்கிரிப்டுலயும் 'அது'ன்னுதான் போட்டிருக்கு, அது வாரான்னு எழுதவா வருதுன்னு எழுதவான்னு கூட ஒரு முடிவு இல்ல. உலகத்துக்கே தெரிஞ்ச கதை. வெள்ளைக்காரத் தேசத்துல ஒரு சின்னப் பொண்ணு எழுதினதாம், இருபது வயசு கூட நிறையலையாம், இருநூறு வருசம் ஆயிட்டு. படிச்ச ஒருத்தன் செத்தவங்க கை கால எல்லாம் சேத்துத் தைச்சு ஒரு உருவத்துக்கு உசுரு குடுக்கான், அது கண்ணைத் தொறக்கு, இவன் அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஓடிருதான். செஞ்சான், பாத்தான், ஓடினான். மிச்சக் கதை பூரா அந்த ஓட்டத்தோட பலன். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியாது, புஸ்தகத்தை வாசிச்ச பெறகுதான் தெரிஞ்சிச்சு, அந்த உருவம் அதுல பேசும். ஆ ஊன்னு இல்ல. பக்கம் பக்கமா, கோர்ட்டுல நின்னு கேள்வி கேக்கவன் மாதிரிப் பேசும். ஒரு ஏழைக் குடும்பத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்து, அவங்க பேசுறதை ஓட்டை வழியாக் கேட்டுக் கேட்டு, தானாப் பாஷை படிச்சிருக்கு. நான் அம்பது வருசமா என்ன நினைச்சுட்டு இருந்தேன், கழுத்துல போல்ட்டு, நெத்தியில தையலு, கைய முன்னால நீட்டிட்டு உர்ருன்னு வரும், அதுதான் அதுன்னு. அப்ப இடையில யாரு அதோட வாயைத் தைச்சது? ஒருத்தன் படம் எடுத்தான், பேச்சு வேண்டாம், உறுமினாப் போதும்னான். அவனைப் பாத்து அடுத்தவன் எடுத்தான். அவனைப் பாத்துக் காமெடி. காமெடியப் பாத்துப் பொம்மைப் படம். என் பேத்தி பென்சில் டப்பா மேல பச்சை மூஞ்சியோட அது பல்லைக் காட்டிட்டு நிக்கி. கட்சிய விட்டுப் போனவனைத் திட்டணும்னா மேடையில ஏறி, நாம உருவாக்குன பூதம் நம்மளையே கடிக்குங்கான். நேத்து டீவியில ஒரு கண்ணாடிக்காரர், கம்ப்யூட்டரே யோசிக்கிற காலம் வந்துட்டு, மனுசன் செஞ்சது மனுசனை முழுங்கப் போவுதுன்னு மறுபடி இதே கதையத்தான் உதாரணம் காட்டுதாரு. எல்லாத்துக்கும் அது வேணும். வாயைத் தொறக்க மட்டும் கூடாது. இதுல பெரிய கூத்து என்னன்னா, செஞ்சவன் பேரைத்தான் ஊரெல்லாம் அதுக்கு வச்சுக் கூப்பிடுது. பெத்துப் போட்டுப் பேரு கூட வைக்காம ஓடின வெளங்காத பயலுக்கு, பாரு, இருநூறு வருசமா அவன் பேரு நிலைச்சிட்டு.

எனக்கு எதுக்கு இவ்வளவு எரிச்சல் வருதுன்னு செல்வகனி கேட்டா. என் வீட்டுக்காரி. எனக்கு வராம வேற யாருக்கு வரணும். அடியாளுக்கும் பேயிக்கும் பூதத்துக்கும்னு முகத்தை எழுதி வாங்கிட்டு வந்தவன்லா நான். தாடை இப்படி, நெத்தி இப்படி, சின்னதுல அம்மை போட்ட தழும்பு, ஆளு ஆறடிக்கு மேல. ஊருல பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துல அரக்கன் வேசம் குடுத்தாவ, எட்டு வரி வசனத்தை ராவும் பகலும் மனப்பாடம் பண்ணினேன், முந்தின நாள் ஒத்திகையில வாத்தியார், "ஏல ஞானதுரை, நீ பேசாண்டாம்லே, சும்மா நின்னாலே போதும், சின்னப் பிள்ளைய எல்லாம் அழுதுரும்"னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. மெட்ராசுக்கு வந்தும் அதே கதை. கதாநாயகன் அடிச்சா ஜீப்பு மேல விழணும். கிணத்துல இருந்து எந்திரிக்கணும். சுடுகாட்டு சீன்ல சாம்பலைப் பூசிட்டு மரத்துக்குப் பின்னால நிக்கணும். "அண்ணே, வண்டி வந்துட்டு", இது நான் பேசின வசனத்துல பெரிசு. ஒரு படத்துல நிஜமாவே நாலு வரி குடுத்தாங்க, நல்லாத்தான் பேசினேன், தியேட்டர்ல போய் உக்காந்தா என் வாயில இருந்து வேற எவனோ பேசுதான். ஊருப் பேச்சு, ஸ்லாங்கு வருதாம் எனக்கு. செல்வகனி இருட்டுக்குள்ள என் காதுகிட்ட வந்து, "இது நீங்க இல்லியே"ன்னா. நான் இல்லதான். நான் எங்க இருந்தேன் இதுல எல்லாம். பஸ் ஸ்டாண்டுல பாக்கவன் எல்லாம், சார் நீங்க அந்தப் பேயிதானே, ஒரு தடவை உறுமுங்க சார்னு போனை நீட்டுதான். உறுமியும் இருக்கேன். சவம், உறுமாம விட்டா விடமாட்டாங்க.

அதனாலதான் கிஷோர் வந்து இந்தக் கதையச் சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டு. டைரக்டர். முப்பது வயசு இருக்கும், என்னைச் சாருங்கான், நானும் சாருங்கேன். கொடைக்கானல்ல நடக்கிற மாதிரி மாத்தி எழுதியிருக்காங்க, வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி, அதுல ஒரு டாக்டர், எஸ்டேட்டு லைன் வீட்டுச் சுவருல காதை வச்சு அது தமிழ் படிக்குது, ஏழு எபிசோடு தொடரு. நான் அதுதான். சரி, உறுமணும், அவ்வளவுதானன்னு கேட்டேன். இல்ல சார், இதுல அது பேசும், குகையில டாக்டரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மூணு பக்கம் பேசும், உங்களை மனசுல வச்சுதான் எழுதச் சொன்னேன், உங்க குரல்லயே, உங்க ஸ்லாங்குலயே பேசலாம்னான். அதை நான் முதல்ல நம்பவே இல்ல. பேப்பர் கைக்கு வந்த பெறகுதான் நம்பினேன். 'என்னைப் பாரு. நான் கண்ணைத் தொறந்த அன்னிக்கு முதல்ல பாத்தது உன் முதுகு. கதவைச் சாத்திட்டுப் போன உன் முதுகு.' இப்படித்தான் ஆரம்பிக்கும். 'பசின்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. குளிருன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லல. வலிச்சுது, அவ்வளவுதான் தெரியும். அதுக்கெல்லாம் பேரு இருக்குங்கிறதையே அடுத்த வீட்டுச் சுவருல காதை வச்சுத்தான் கத்துக்கிட்டேன்.' எழுதினது ஒரு பொண்ணு, வசனம் எழுதறதுக்குன்னு வச்சிருக்காங்க, நல்லாருக்கணும் அவ. ரெண்டு மாசமா இதுதான் எனக்குச் சோறு. மொட்டைமாடியில நடந்துக்கிட்டே சொல்லுவேன். செல்வகனி மீனு ஆஞ்சிக்கிட்டு இருக்கும்போது எதுத்தாப்புல நின்னு சொல்லுவேன். முதல் தடவை கேட்டப்ப அருவாமனையில கைய அப்படியே நிறுத்திட்டா. அடுத்த மீனை எடுத்துக்கிட்டே, "அந்தக் குளிரு வருத எடத்துல அவசரப்படுதிய"ன்னா. சரியாத்தான் சொன்னா, அவசரப்பட்டுட்டுதான் இருந்தேன். இப்ப நிதானமா வருது. உள்ளுக்குள்ளயே சொல்லிப் பாக்கேன், உதடு அசையாம, 'குளிருன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லல', ஆமா, இப்படித்தான், அங்க ஒரு மூச்சு விடணும். இதைச் சொல்லிட்டேன்னா போதும் எனக்கு. அதுக்கப்புறம் ஜீப்பு மேல விழச் சொன்னாலும் விழுதேன்.

யாரோ வந்திருக்காங்க. பஞ்சு வழியாக் கேக்கும்போது தண்ணிக்குள்ள முங்கிட்டுக் கேக்கிற மாதிரி இருக்கு, ஆனா கேக்கு. கிஷோர் குரலு. இன்னொருத்தர் பாலமுரளி, கம்பெனியில இதையெல்லாம் மேல்பார்வை பாக்கவரு, செண்டு வாடை முதல்ல வரும், ஆளு பின்னால வருவாரு, அந்த வாடை என் ரெண்டு ஓட்டைக்குள்ளயும் வந்துட்டு, ஐயா சாமி, தும்மல், நினைக்காத, நினைக்காத. "ஜி, அந்தக் குகை சீன். நேத்து ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து படிச்சோம். அது பேச ஆரம்பிச்சதும் பயம் போயிடுது." பாலமுரளிதான். "எனக்கும் அந்த டவுட் இருந்துச்சு ஜி." எப்ப இருந்துச்சு கிஷோரு உனக்கு டவுட்டு, போன வாரம் கூட இதுதான் தொடரோட உசுருன்னியே. "பாவமா ஆயிடுது ஜி. பேயைப் பாத்து யாராவது பாவப்படுவானா? பேசாம இருந்தாத்தான் மிரட்டலா இருக்கும். கண்ணாலயே ஒரு பார்வை, ஒரு உறுமல், கட்." கிஷோர் ம்ம் ம்ம்ங்கான். ம்ம்ங்காத தம்பி. இல்லன்னு சொல்லு. இல்லங்கிறதுக்கு என்ன செலவு. "சார் கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் ஜி, அவரு அந்த டயலாக்குக்காக ரொம்ப..." "அவரு இங்கதான இருக்காரு, சொல்லிடுங்க." செருப்புச் சத்தம் கிட்ட வருது. காது கேக்காதவன்கிட்ட கத்துற மாதிரிக் கத்துதான், "சார், கேக்குதா? அந்த லாங் டயலாக்கை எடுத்துட்டு, எக்ஸ்பிரஷன்ல பண்ணிடலாம்னு ஒரு தாட். உங்க கண்ணே போதும் சார். ஓகே தானே?" அதே நேரம் இந்தப் பக்கத்துல இருந்து நர்மதா, அவளுக்கு இவங்க பேச்சு எதுலயும் கவனம் கெடையாது, அவ பாட்டுக்குக் கைய அமுக்குதா, "அங்கிள், மூச்சு சரியா வருதா?" அமுக்கினா கட்டைவிரலு. இவ்வளவு நேரம் பழகிட்டு, யோசிக்கவே வேண்டாம், விரலு தானா எந்திரிச்சிட்டு. எந்திரிச்சு நிமிந்து நிக்கி, அழகா, போட்டோவுக்கு நிக்க மாதிரி. "சூப்பர் சார்"ங்கான் கிஷோர். "பெரிய மனசு சார் உங்களுக்கு. பாத்தீங்களா ஜி, நான் சொன்னேன்ல, சார் புரிஞ்சுக்குவார்னு."

அட கோட்டிப் பயலே. அது உனக்கு இல்லடே. மூச்சு வருதான்னு கேட்டா, வருதுன்னேன், அவ்வளவுதான். விரலை மடக்கிட்டேன். மடக்கினா என்ன அர்த்தம், எங்க பாஷையில மடக்குன விரலுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. ஆட்காட்டி விரலை எடுத்து வேண்டாம் வேண்டாம்னு இப்படியும் அப்படியும் ஆட்டினேன். "அரிக்குதா அங்கிள்? கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்"னு சொல்லிட்டு அவ என் கையையே சொறிஞ்சு விடுதா, பாவி மக. இல்லன்னு காத்துல எழுதிக் காட்டுவோம்னு 'இ' போட்டேன். எனக்கே தெரியும், கண்ணைத் தொறந்துட்டு எழுதினாலே என் கையெழுத்து யாருக்கும் விளங்காது. "அங்கிள், கை நடுங்குது, பயமா இருக்கா?"ன்னு கேக்கா. பயமாம்லா. நல்லாருக்கேன்னு சொல்ல வழி இருக்கு, எடுன்னு சொல்ல வழி இருக்கு, மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு விரலைக் கூட நாங்க ஒதுக்கி வைக்கல. யாருக்கும் அது தோணல, எனக்கும்தான் தோணல. தொண்டைக்குள்ள இருந்து ம்ம் ம்ம்னு சத்தம் குடுத்தேன். குழம்புக்குள்ள தாடை அசையாம அது எப்படி வரும், மாடு கத்துற மாதிரி வந்துச்சு. அதைக் கேட்டுப் பாலமுரளி சிரிச்சுட்டு, "பாருங்க, சார் இப்பவே ரிகர்சல் பாக்குறார்"ங்காரு. எனக்கு அப்படியே பத்திட்டு வந்துச்சு. பத்திட்டு வந்து என்ன செய்ய, அந்தச் சூடும் இந்தச் சூடும் சேந்து உள்ளுக்குள்ளயே வேவுது.

பொறுப்போம். காஞ்சதும் எடுப்பா, வாயைத் தொறந்து சொல்லிக்கிடலாம். தம்பி, அந்த வசனம் இல்லன்னா சரியா வராது, கொஞ்சம் யோசிங்கன்னு தன்மையா. அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் ஜன்னல் பக்கமாப் போய் நின்னுக்கிட்டு அந்தாளு சொல்லுதாரு, தணிஞ்ச குரல்தான், ஆனா ஃபேன் நின்ன வீட்டுல எல்லாம் கேக்கும். "இன்னொரு அட்வான்டேஜ் ஜி. அச்சு கையில வந்துட்டா முகம் நம்மகிட்ட இருக்கு. டயலாக்கும் இல்ல. அதே மாஸ்கை ஃபைட்டர் யாருக்காவது மாட்டிக்கூட எடுத்துக்கலாம், குளிர்ல, மழையில, சாரை எதுக்குக் கஷ்டப்படுத்தணும், வயசானவரு." கிஷோர் இதுக்கும் ம்ம்ங்கான். எனக்கு ஒரு நிமிசம் புரியல. பெறகுதான் விளங்கிச்சு. இந்த மாவு காஞ்சு முடிஞ்சா நான் தேவையில்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் இது இறுகிட்டே இருக்கு, இறுகிக்கிட்டு என் மூஞ்சிய என்கிட்ட இருந்து கழட்டிட்டு இருக்கு. ஆஸ்பத்திரிப் பிணத்துல இருந்து கையக் காலை எடுத்தான் அந்தப் பய, இவங்க உசுரோட இருக்கவன்கிட்டயே எடுக்காங்க, அதுவும் வாஸ்லின் தடவி, அங்கிள் அங்கிள்னு சொல்லி. கத்தணும் போல இருக்கு. எதை வச்சுக் கத்த.

கையைத் தூக்கலாம். தூக்கினா எடுத்துருவா. ஆனா தூக்கிட்டு என்னத்தச் சொல்ல. இந்த வயசுல, மெட்ராசுக்கு வந்து இத்தனை வருசத்துல, ஒரு டைரக்டர்கிட்டயாவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா, யோசிச்சுப் பாக்கேன், இல்ல. கிணத்துக்குள்ள இறங்குங்கன்னா சரி சார். குரலை மாத்திட்டோம்னா சரி சார். பேசாண்டாம்லேன்னா சரி சார்வாள். அச்சைக் கெடுத்தவன், தகராறு பிடிச்சவன்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான். இந்தப் பிள்ளை வேற, காலையில இருந்து குழம்பைக் கரைக்கிறதும் துணியை நறுக்குறதும், கை பூரா வெடிச்சு மாவுத் திட்டா இருக்கு, முதல் பெரிய வேலை அங்கிள்னு சொன்னா, அவ வேலையில மண்ணைப் போடணுமா. பேசாம இருந்துரு ஞானதுரை. வசனம்தான, போனாப் போவுது. போவட்டும்னு சொல்லிட்டேன், ஆனா மனசு சண்டித்தனம் பண்ணுது, சுத்திச் சுத்தி செல்வகனிகிட்டயே போய் நிக்கி. அவளைப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு அவ வெளிய வரவே இல்ல. அடுப்படியில இருந்தா. நான் இந்தப் பக்கம் உக்காந்து அவ அப்பாகிட்ட, வாற வழியில பஸ்ஸு பஞ்சராகி ரோட்டுல நின்ன கதையச் சொல்லிட்டு இருந்தேன், பயத்துல கொஞ்சம் நீட்டியே சொன்னேன். அப்புறம்தான் காப்பித் தட்டோட வந்தா. வந்து என்னை நிமிந்து பாத்தா. என்னை முதல் தடவை பாக்கவங்க முகத்துல ஒண்ணு வரும், சட்டுன்னு வந்து சட்டுன்னு மறையும், எனக்கு அது அத்துபடி. அது அவகிட்ட வரல. கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டேன். "நாந்தான் உங்களைச் சுவருக்கு அங்கிட்டு இருந்தே கேட்டுட்டேனே, பெறகு என்னத்தப் பாக்க"ன்னா. அந்தப் புஸ்தகத்துலயும் ஒரு கெழவர் வருவாரு, கண்ணு தெரியாது, அவரு ஒருத்தர்தான் அதுகூட உக்காந்து மனுசனா நாலு வார்த்தை பேசுவாரு. கண்ணு தெரிஞ்சவங்க வந்ததும் கம்பை எடுத்து அடிச்சு வெரட்டிருவாங்க. அந்த எடத்தை வாசிச்சப்ப நான் அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு, அம்பத்தாறு வயசு ஆம்பிளை நாக்காலியில உக்காந்து கேவிக் கேவி அழுதேன். என் மூஞ்சிக்கு ஒரு மதிப்பும் கெடையாது, யாரு வேணும்னாலும் மாட்டிக்கிடட்டும். பேச்சு ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு, அதைக் கேட்டுத்தான் ஒருத்தி வந்தா. அதையும் ஒரு விரலைக் காட்டிக் குடுத்துட்டு வந்தேன்னு அவகிட்டப் போய் எப்படிச் சொல்லுவேன்.

கை தூக்கியிருக்கு. எப்பத் தூக்கினேன்னு தெரியல, என் கைதான், தலைக்கு மேல நிக்கி. நர்மதா ஒரு கேள்வி கேக்கல. "அங்கிள், எடுக்குறேன், எடுக்குறேன், மூச்சை மட்டும் விடுங்க"ன்னு சொல்லிட்டே ரெண்டு காதோரமும் விரலை விட்டு ஒரே பிடியாப் பிடிச்சு முன்னால இழுத்தா. உள்ள இருந்த குழம்பு பாதி அவ கையோட போச்சு, பாதி என் மூஞ்சியிலயே தொங்குது. புருவத்துல ரெண்டு மயிரு போயிருக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு. அவ கையில என் முகம் ரெண்டாக் கிழிஞ்சு கெடக்கு, ஆனா அவ அதைப் பாக்கல, என் மூக்கைத்தான் பாக்கா, தண்ணிப் பாட்டிலை எடுக்கப் போறா. கிஷோர் ஓடி வந்தான், "சார் சார், என்னாச்சு, மூச்சு முட்டிடுச்சா?" நான் பேச வாயைத் தொறந்தேன். உதடு இருக்கா இல்லையான்னே தெரியல, மரத்துப் போயிருக்கு, பல்லு இடுக்குல குழம்பு, நாக்கு தடிச்சுக் கெடக்கு. 'என்னைப் பாரு'ன்னுதான் சொன்னேன், நான் சொன்னது அதுதான். வந்தது என்னமோ, ஊ... ழ்ழ்... ஊன்னு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம். கிஷோர் அப்படியே நின்னுட்டான். அப்புறம் அவன் முகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க. "ஜி, கேட்டீங்களா? இதான். இதைத்தான் தேடிட்டு இருந்தேன். சார், அப்படியே இருங்க, துடைக்காதீங்க, இன்னொரு வாட்டி அதே சவுண்டு"ன்னு போனை எடுத்துப் பிடிச்சுட்டான்.

நான் துடைச்சேன். நர்மதா குடுத்த தண்ணிய வாயில ஊத்திக் கொப்புளிச்சு வாளியில துப்பினேன், விரலை விட்டு உதட்டுக்கு உள்பக்கம் எல்லாம் வழிச்சுப் போட்டேன், தாடையப் பிடிச்சு நாலு தடவை ஆட்டினேன். பாட்டில் தண்ணி பூரா தீந்துட்டு. "அந்த விரலு இவளுக்குக் காட்டினது"ன்னேன். குரலு வந்துட்டு, கொஞ்சம் கரகரன்னுதான், ஆனா என்னோடதுதான். "மூச்சு வருதான்னு கேட்டா, வருதுன்னேன். உங்களுக்குக் காட்டல." கிஷோருக்கு விளங்க நேரமாச்சு. விளங்கினதும் பாலமுரளியப் பாத்தான், அவரு தரையப் பாத்தாரு. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆடியன்ஸ் ஆங்கிள்ல யோசிச்சோம். அது பேசினாப் பாவம் வந்துரும் சார். பயம் போயிரும். அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போதும் போனு கீழ இறங்கல, எடுத்துக்கிட்டேதான் இருக்கான், என் மூஞ்சி அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்குள்ள எப்படித் தெரியுதோ, குழம்பு தொங்கிக்கிட்டு. எனக்கு வாதாட வராது. அந்த வித்தை எனக்கு எவனும் சொல்லிக் குடுக்கல. எனக்குத் தெரிஞ்சது மூணு பக்கம். சேரைப் பிடிச்சு எந்திரிச்சேன். எந்திரிச்சா நான் அவனை விட ஒரு தலை உயரம்.

"என்னைப் பாரு"ன்னேன். "பாத்துட்டுதான் இருக்கேன் சார்"னான். "போன்ல இல்ல. என்னைப் பாரு." போனு இறங்கிச்சு. பாத்தான். "நான் கண்ணைத் தொறந்த அன்னிக்கு முதல்ல பாத்தது உன் முதுகு. கதவைச் சாத்திட்டுப் போன உன் முதுகு." உரக்கச் சொல்லல, செல்வகனிகிட்டச் சொல்ற மாதிரித்தான் சொன்னேன். "பசின்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. குளிருன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லல." இங்க ஒரு மூச்சு விட்டேன், அவசரப்படல. பாலமுரளி ஜன்னல்கிட்ட அசையாம நிக்காரு. பேசினா பயம் போயிரும்னு இப்பத்தான் சொன்ன கிஷோரு, உதடு வெளுத்துப் போய், என் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாம ஒரு அடி பின்னால போனான், இன்னொரு அடியும் போனான், கதவு முதுகுல இடிச்சது. நான் அடுத்த வரியைச் சொன்னேன்.